லீகா என்ற லாட்வியப் பெண் பெயருக்கு என்ன அர்த்தம்?

ரிகா செந்தில் | ஜூன் 12

வணக்கம். லாட்வியத் தலைநகர் ரிகாவில் மென்பொருள் வேலை, வந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. எனக்கு அடுத்த மேசையில் இருப்பவர் பெயர் லீகா. எங்கள் அலுவலகத்தில் மட்டும் மூன்று லீகா இருக்கிறார்கள். அதனால் கணக்குப் பிரிவு லீகா, இரண்டாம் மாடி லீகா, நம்ம லீகா என்றுதான் பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் மூன்று கார்த்திக் இருப்பார்களே, அதே கதை.

நேற்று டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன், பெயருக்கு என்ன அர்த்தம் என்று. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அர்த்தம் என்று ஒன்றும் இல்லை, பாட்டில் வரும்" என்றார். என்ன பாட்டு என்றேன். ஒரு தாளை எடுத்து நாலு கோடு போட்டார். ஒவ்வொரு கோட்டுக்குப் பின்னாலும் "லீகோ, லீகோ" என்று எழுதினார். "கோடு இருக்கிற இடத்தில் எந்த வரி வேண்டுமானாலும் வரும், இது மட்டும் மாறாது. அதுதான் நான்."

அவர் மேசை நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்குக் கீழும் இரண்டு மூன்று பெயர்கள் அச்சாகியிருக்கின்றன. ஜூன் 23க்குக் கீழே லீகா. அன்றைக்கு அவருடைய பாட்டியின் பண்ணை வீட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார். எனக்கு இரண்டு சந்தேகம். ஒன்று, பாட்டின் இழுவையிலிருந்து நிஜமாகவே ஒரு பெயர் வருமா, இல்லை என்னைக் கலாய்க்கிறாரா? இரண்டு, என்ன வாங்கிக்கொண்டு போவது?

கடலூர் கபாலி | ஜூன் 12

லீக் மேட்ச் ஆடுகிறவர் என்று அர்த்தமாக இருக்கும் 😄

ரிகா செந்தில் | ஜூன் 12

சிரிக்காதீர்கள் கபாலி, அதுவும் இருக்கிறது. இங்கே கால்பந்து லீகையும் 'லீகா' என்றுதான் எழுதுகிறார்கள், ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. ஆனால் அது வெளியிலிருந்து வந்த சொல். பெயருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று லீகா கொஞ்சம் சூடாகவே சொன்னார். பள்ளிக்கூடத்தில் நிறையக் கேட்டிருப்பார் போல.

அகராதிப்பித்தன் | ஜூன் 12

செந்தில், உங்கள் தோழி கலாய்க்கவில்லை. அவர் போட்டுக் காட்டிய கோட்டுப் படத்தைவிட நன்றாக இதை விளக்க முடியாது. நான் பின்னணியை மட்டும் சொல்கிறேன்.

லாட்விய நாட்டுப்பாடலுக்கு 'தைனா' என்று பெயர். பெரும்பாலும் நாலே வரி, சின்னது. கிறிஷ்யானிஸ் பரோன்ஸ் (1835–1923) என்பவர் வாழ்நாள் முழுக்க இவற்றைத் தொகுத்தார். ஊர் ஊராக ஆட்கள் எழுதி அனுப்பியதை எல்லாம் விரல் நீளத் துண்டுச் சீட்டுகளில் எடுத்தெழுதி, அடுக்கிவைக்க 1880இல் ஒரு மர அலமாரி செய்யச் சொன்னார். எழுபதுக்கு மேல் இழுப்பறை. அது இன்றும் ரிகா தேசிய நூலகத்தில் இருக்கிறது, 2001இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது. செந்தில், நீங்கள் பேருந்தில் போய்ப் பார்த்துவிடலாம், பொறாமையாக இருக்கிறது. 1894 முதல் 1915 வரை தொகுதி தொகுதியாக வந்த அந்தத் தொகுப்பில் 2,17,996 பாடல்கள். ஒரே பாட்டு ஊருக்கு ஊர் மாறுவதையும் தனித்தனியாக எண்ணிய கணக்கு இது.

இந்தப் பாட்டுகளில் வரிக்கு வரி வருகிற இழுவைச் சொல் பருவத்துக்குப் பருவம் மாறும். குளிர்கால நத்தார்ப் பாட்டு என்றால் 'கலடூ' அல்லது 'தொதாரி'. வசந்தத்தில் 'ரொதா'. கோடையின் உச்சியில், பகல் மிக நீண்ட நாளை ஒட்டி வரும் யானிஸ் திருநாள் பாட்டுகளில் 'லீகோ'. வரியைக் கேட்கவே வேண்டாம், தூரத்திலிருந்து இழுவை காதில் விழுந்தாலே எந்த மாதம் என்று தெரிந்துவிடும். ஒருத்தி வரியை எடுத்துக் கொடுப்பாள், கூட்டம் திருப்பிப் பாடும், சிலர் ஒரே சுருதியை அடியில் பிடித்துக்கொண்டே இருப்பார்கள். அந்த வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் 'லீகோ, லீகோ'.

உச்சரிப்பு பற்றி ஒன்று. நாம் லீகோ என்று எழுதினாலும் அவர்கள் வாயில் அது 'லீகுஓ' மாதிரி வரும். சொந்தச் சொற்களில் ஓகாரத்தை அப்படித்தான் இரண்டாக உடைத்துச் சொல்வார்கள்.

இனி அர்த்தம். 'லீகொத்' என்று ஒரு வினைச்சொல் உண்டு. ஊசலாடுவது, மெல்ல அசைந்தாடுவது என்று ஒரு பொருள். லீகோப் பாட்டுப் பாடுவது என்று இன்னொரு பொருள். அசைவிலிருந்து பாட்டு வந்ததா, இழுவை பழகிப்போய் அதுவே வினையானதா என்று வாதம் பண்ணலாம். பெயர் மட்டும் பாட்டு வழியாகத்தான் வந்தது. அகராதியில் 'அசைதல்' என்று பார்த்துவிட்டு யாரும் பெண் குழந்தைக்கு லீகா என்று வைக்கவில்லை.

தமிழ்மறவன்_77 | ஜூன் 13

ஐயா, இவ்வளவு சுற்றி வளைப்பானேன்? நம் தமிழில் 'இளகு' என்ற சொல் இருக்கிறது. இளகுதல் என்றால் நெகிழ்தல், அசைதல். முதலில் உள்ள இகரம் கெட்டு, ளகு > லகு > லீகு > லீகோ. ஊசலாடுதல் என்ற பொருளும் அப்படியே பொருந்துகிறது. கடல் வணிகத்தில் நம்மவர் போகாத இடம் உண்டா?

அகராதிப்பித்தன் | ஜூன் 13

//முதலில் உள்ள இகரம் கெட்டு//

மறவன் ஐயா, அந்த இகரம் கெட்டதோ இல்லையோ, நம் பெயர் கெடும். இகரத்தைத் தூக்கினீர்கள், அகரத்தை ஈகாரமாக்கினீர்கள், ளகரத்தை லகரமாக்கினீர்கள். இவ்வளவு சலுகை கொடுத்தால் எந்தச் சொல்லையும் எந்தச் சொல்லோடும் முடிச்சுப் போடலாம்.

உறவு இருக்கிற மொழிகளில் இது எப்படி இருக்கும் என்று பாருங்கள். லாட்வியம் பால்டிக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையில் இன்று பேச்சில் இருப்பவை லாட்வியம், லித்துவேனியம் இரண்டுதான். பழைய பிரஷ்யம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு வழக்கொழிந்தது. இவை சமஸ்கிருதத்துக்குத் தூரத்து உறவு. நெருப்பு அங்கே 'உகுன்ஸ்', இங்கே 'அக்னி'. கடவுள் 'தியெவ்ஸ்', 'தேவ'. பனித்துளி 'ரஸ', சமஸ்கிருதத்தில் 'ரஸ' என்றால் சாறு. நம் வீட்டு ரசம் அந்த வழியில் வந்ததுதான். எண்களில் திவி, த்ரீஸ், செப்திஞி, அஸ்தொஞி என்று வரிசையாக வரும். ஒரே ஒலி மாற்றம் பத்து இருபது சொற்களில் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தால்தான் உறவு என்பார்கள். ஒற்றைச் சொல் ஒத்துப்போனால் தற்செயல்.

தமிழ்மறவன்_77 | ஜூன் 13

ரசம் நம்முடையது. அதில் விட்டுக்கொடுக்க முடியாது.

கடலூர் கபாலி | ஜூன் 13

சொல் அவர்களுடையது, மிளகு நம்முடையது. பேசி முடித்தாகிவிட்டது, அடுத்து.

மயிலை மாது | ஜூன் 13

இந்த இழையைப் படித்ததும் எனக்கு ஏலேல சிங்கன் ஞாபகம் வந்தது. திருவள்ளுவரோடு சேர்த்து மயிலாப்பூரில் சொல்வார்களே, கப்பல் வணிகர். படகு இழுக்கிறவர்கள் பாடும் 'ஏலேலோ' அவர் பெயரிலிருந்து வந்தது என்று என் தாத்தா அடித்துச் சொல்வார். தோணிக்காரர் பாட்டில் வரும் ஓசைக்கு ஒரு ஆளைக் கண்டுபிடித்து உட்கார வைத்துவிட்டோம் என்றுதான் எனக்கு இப்போது தோன்றுகிறது. லாட்வியாவிலும் இப்படி ஏதாவது நடந்திருக்குமா?

அகராதிப்பித்தன் | ஜூன் 13

மாது சார், அச்சு அசலாக அதுதான் நடந்தது! நானே அடுத்து அங்கேதான் வருவதாக இருந்தேன்.

லாட்வியர்களின் பழைய வழிபாடு பற்றி 18, 19ஆம் நூற்றாண்டுகளில் எழுதியவர்களுக்கு முன்னால் ஒரு சிக்கல். கிரேக்கருக்கு இருப்பது மாதிரி ஒரு தெய்வப் பட்டியல் வேண்டும். பாட்டிலோ அப்படி வரிசையாக யாரும் கிடைக்கவில்லை. லைமா கிடைக்கிறாள், அவள் அதிர்ஷ்டத்தின், பிறப்பின் தேவதை. சூரியப் பெண் கிடைக்கிறாள். அப்புறம் பாட்டுக்குப் பாட்டு 'லீகோ, லீகோ' என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதா, சரி, இதுவும் ஒரு தெய்வம்தான் என்று எழுதிவிட்டார்கள். மகிழ்ச்சிக்கு லீகோ. பிற்கால ஆய்வாளர்கள் இதை ஒத்துக்கொள்ளவில்லை, போலிப் புராணம் என்று ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் அதற்குள் கவிதையிலும் மேடையிலும் லீகோ நடமாட ஆரம்பித்தாயிற்று.

வேடிக்கை என்னவென்றால், தெய்வம் நிற்கவில்லை, பெயர் நின்றுவிட்டது. கடைசி எழுத்து மாறி, லாட்வியப் பெண் பெயர்களுக்கு வழக்கமான அகர ஈறு வந்து, லீகா ஆகிவிட்டது.

நெல்லை ராஜி | ஜூன் 14

நடுவில் ஒரு கேள்வி. கிறிஸ்தவ நாடுதானே? மேரி, எலிசபெத் என்று வைக்காமல் பாட்டு இழுவையை எப்படி வைத்தார்கள்? பாதிரியார் ஞானஸ்நானத்தில் கேட்க மாட்டாரா?

அகராதிப்பித்தன் | ஜூன் 14

ராஜி மேடம், நல்ல கேள்வி. ரொம்ப காலம் பைபிள் பெயர்தான், புனிதர் பெயர்தான். ஜெர்மன் பிரபுக்களும் ஜெர்மன் பாதிரியார்களும் ஆண்ட ஊர். பதிவேட்டில் ஏறிய பெயர்கள் லாட்விய வாயில் உருமாறின. எலிசபெத் 'இல்ஸெ' ஆனாள், மார்கரெட் 'க்ரியெதா' ஆனாள், பார்பரா 'பார்பா'வாகி, செல்லமாக 'பைபா' ஆனாள். இன்று பைபா என்றால் சுத்த லாட்வியப் பெயர் என்றுதான் அவர்களே நினைப்பார்கள். பெயர் நாளை, அதாவது நாள்காட்டியில் அந்தப் பெயர் அச்சாகியிருக்கும் தேதியைப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். டிசம்பர் 4, புனித பார்பராவின் நாள்.

பண்ணையடிமை முறை குர்லாந்தில் 1817இலும், விட்ஸெமெ பகுதியில் 1819இலும், லத்காலெயில் 1861இலும் ஒழிந்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் படித்த லாட்வியர்கள் 'நாங்கள் லாட்வியர்' என்று சொல்ல ஆரம்பிக்கிறார்கள். 1873இல் ரிகாவில் முதல் அனைத்து லாட்வியப் பாட்டுத் திருவிழா. அப்போதிலிருந்துதான் தங்கள் மொழிச் சொல்லிலேயே பெயர் வைக்கும் ஆசை வருகிறது. ஆம்பர் பிசினிலிருந்து ஜிந்த்ரா, விடியலிலிருந்து அவுஸ்மா, மின்னுவதிலிருந்து மிர்ட்ஸா, தெளிவிலிருந்து ஸ்கைத்ரீதெ. லீகாவும் இந்த அலையில் பரவிய பெயர்தான். நம் ஊரில் தமிழ்ச்செல்வி, பூங்கோதை, மலர்விழி என்று ஒரு தலைமுறை முழுக்க வைத்தார்களே, அந்த உணர்ச்சியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்தக் கூட்டத்தில் ரொம்பப் பிடித்தது லைம்தொதா. அந்திரெய்ஸ் பும்புர்ஸ் 1888இல் வெளியிட்ட 'லாச்ப்லேசிஸ்' காவியத்தின் நாயகி. 'லைமா' பாதி, 'கொடுக்கப்பட்டவள்' பாதி. நம் தேவதத்தனில் வரும் தத்தன் இருக்கிறானே, அந்த 'கொடு' வேர்தான் இங்கேயும். காவியத்திலிருந்து இறங்கிய அந்தப் பெயர் 2014இல் நாட்டின் முதல் பெண் பிரதமரின் பெயராக நாளிதழ்களில் வந்தது. லைம்தொதா ஸ்த்ரௌயுமா, 2016 வரை பதவியில் இருந்தார்.

கடலூர் கபாலி | ஜூன் 14

லைமா என்று சாக்லேட் உண்டே, என் மச்சான் வாங்கி வந்தான். தேவதை என்று தெரியாமல் தின்றுவிட்டேன்.

ரிகா செந்தில் | ஜூன் 14

அதேதான். நகர மையத்தில் லைமா கடிகாரம் என்றும் ஒன்று உண்டு, 1924இல் நட்டது. யாரைச் சந்திப்பதாக இருந்தாலும் "லைமா கடிகாரத்துக்கிட்ட வா" என்பார்கள். பிறந்தநாள், பெயர் நாள் எதுவானாலும் சொல்கிற வாழ்த்து 'தௌட்ஸ் லைமெஸ்', நிறைய அதிர்ஷ்டம் என்று பொருள். அதிலும் அவள்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

யாழ் நிலா | ஜூன் 15

நான் டொரோண்டோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே லாட்வியச் சனம் கனபேர் இருக்கினம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் நாட்டை விட்டு வெளிக்கிட்டு, ஜெர்மன் அகதி முகாம்களில் இருந்துவிட்டுக் கனடாவுக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1999 முதல் 2007 வரை லாட்வியாவின் ஜனாதிபதியாக இருந்த வைரா வீக்யெ-ஃப்ரைபெர்கா அப்படிப் போனவர்தான். டொரோண்டோவில் படித்து, மொன்றியலில் உளவியல் பேராசிரியராக இருந்தவர். அகராதி அண்ணா சொன்ன தைனாப் பாடல்களில் சூரியனைப் பற்றியவற்றைக் கணினியில் ஏற்றி, கணவரோடு சேர்ந்து 1988இல் ஒரு தொகுப்பும் போட்டார்.

என்னோடு வேலை செய்த அக்காவின் பெயரும் லீகா. இங்கே பிறந்தவர். அவருடைய பெயரில் ஈகாரத்துக்கு மேலே ஒரு சின்னக் கோடு போடவேணும், அதுதான் நெடில். கனடாவில் அந்தக் கோட்டை ஒருத்தரும் போடுவதில்லை. கோடு போனால் குறில். அது போதாதென்று ஆங்கிலக்காரர் அதை 'லைகா' என்று வாசிப்பினம். "சோவியத்துக்குத் தப்பி ஓடிவந்த குடும்பத்துப் பிள்ளையை, சோவியத் விண்வெளிக்கு அனுப்பின நாயின் பெயர் சொல்லிக் கூப்பிடுகினம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சிரித்தாலும் உள்ளுக்குள் நொந்திருப்பார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

அகராதிப்பித்தன் | ஜூன் 15

நிலா, அந்தக் கோடு போனால் நடப்பது இன்னும் மோசம். பக்கத்து நாட்டு லித்துவேனியத்தில் குறில் போட்ட 'லிக' என்றால் நோய்.

குறில் நெடில் விஷயத்தில் லாட்வியர்கள் நம்மைப் போலவே கறார். 'கஸஸ்' என்றால் ஆடுகள், 'காஸஸ்' என்றால் கல்யாணம். பத்திரிகையில் ஒரு கோடு விட்டால் ஆட்டுக்கு அழைத்த மாதிரி ஆகிவிடும். நம் ஆட்கள் லாட்வியம் படிக்கும்போது இங்கே மட்டும் கொஞ்சம் சுலபமாக ஜெயித்துவிடலாம். இன்னொரு இடமும் உண்டு. அவர்களுடைய ஒரு எழுத்து அப்படியே நம் ஞகரம். யானிஸ் என்ற பெயரின் பன்மை 'யாஞி', அதுதான் ஜூன் 24 திருநாளின் பெயர். ஐரோப்பியர்கள் பலர் அதில் தடுக்கி விழுவார்கள், நமக்கு ஞாயிறு சொல்வது மாதிரிதான்.

நெல்லை ராஜி | ஜூன் 15

அப்படியானால் 23 லீகா, 24 யானிஸ். இரண்டு நாளும் விடுமுறையா?

ரிகா செந்தில் | ஜூன் 15

இரண்டும் அரசு விடுமுறை மேடம். 23க்கு அரசாங்கமே வைத்திருக்கும் பெயர் 'லீகோ நாள்'. யானிஸ் இங்கே நம் முருகன் மாதிரி, தெருவுக்கு நாலு பேர். அதனால் அந்த இரண்டு நாளில் எல்லா வீட்டிலும் யாருக்காவது பெயர் நாள் இருக்கும். நம்ம லீகாவுக்கு இதில் ஒரு மனக்குறை. மற்றவர்கள் எல்லாம் அவரவர் பெயர் நாளில் ஆபீசுக்குக் கேக் கொண்டுவந்து வைத்துப் பூங்கொத்து வாங்கிக்கொள்கிறார்கள். "என் நாளில் ஆபீஸே கிடையாது. நாடே கொண்டாடுகிறது, ஆனால் என்னை இல்லை" என்கிறார்.

பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் போகவேண்டும், பெயர் நாளுக்குக் கூப்பிடாமலே கதவைத் தட்டலாம் என்று இங்கே ஒரு வழக்கம். நாள்காட்டியில் பெயர் இல்லாதவர்களுக்கு மே 22 என்று பொதுவாக ஒரு நாள் ஒதுக்கியிருக்கிறார்கள். போன மாதம் எனக்கு அன்றைக்கு ஒரு கேக் வந்தது. மேலே 'செந்தில்ஸ்' என்று கிரீமில் எழுதியிருந்தது.

கடலூர் கபாலி | ஜூன் 15

செந்தில்ஸா? ஹோட்டல் பெயர் மாதிரி இருக்கிறது.

ரிகா செந்தில் | ஜூன் 15

ஆண் பெயருக்குக் கடைசியில் ஸகரம் கட்டாயம் கபாலி. யானிஸ், கிறிஷ்யானிஸ், எல்லாம் அப்படித்தான். இல்லாவிட்டால் வேற்றுமை உருபு சேர்க்க முடியாது. நாம் லீகாவை, லீகாவுக்கு, லீகாவின் என்கிறோம் இல்லையா? அவர்கள் லீகு, லீகை, லீகஸ் என்று மாற்றுவார்கள். எனக்குக் கொடுக்க வேண்டும் என்றால் 'செந்திலம்'. முதல் தடவை அப்படி எழுதிய மின்னஞ்சலைப் பார்த்து யாரோ பெண்ணுக்குப் போகவேண்டியது என்று நினைத்து அழித்துவிட்டேன்.

மாலா, லீலா, கமலா எல்லாம் அப்படியே பொருந்திவிடும். ராஜி மேடம், உங்கள் பெயர் இகரத்தில் முடிவதால் உருபே ஏற்காது. எந்த வேற்றுமையானாலும் ராஜிதான்.

நெல்லை ராஜி | ஜூன் 16

எனக்கு அது பெருமைதான் தம்பி, யாருக்காகவும் மாறமாட்டேன். ஆனால் பாஸ்போர்ட்டில் என்ன செய்வார்கள்? எனக்கு முதலெழுத்து ஒரு பக்கம், அப்பா பெயர் ஒரு பக்கம் என்று பிரிந்து, ஒரு விமான நிலையத்தில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். டிக்கெட்டில் ஒரு ராஜி, பாஸ்போர்ட்டில் வேறு ராஜி. இரண்டும் நான்தான் என்று எந்த மொழியில் சொல்ல?

அகராதிப்பித்தன் | ஜூன் 16

லாட்வியாவில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு லாட்வியப் பெண் ஜெர்மானியரை மணந்து கணவரின் குடும்பப்பெயரை எடுத்துக்கொண்டார். லாட்விய பாஸ்போர்ட்டில் அதை லாட்விய எழுத்துமுறைக்கு மாற்றி, பெண்பால் ஈறும் சேர்த்துவிட்டார்கள். கணவர் பெயரும் மனைவி பெயரும் காகிதத்தில் வேறு வேறு குடும்பம் மாதிரி ஆகிவிட்டது. மூல வடிவம் உள்ளே வேறொரு பக்கத்தில் இருக்கும், அவ்வளவுதான். ஸ்ட்ராஸ்பூர்க்கில் இருக்கும் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார். 2004இல் மனு தள்ளுபடி. சின்ன மொழி தன் இலக்கணத்தைக் காப்பாற்றிக்கொள்ள நினைப்பதில் நியாயம் இருக்கிறது என்பது அவர்கள் பக்கம். எனக்கு மனசு அந்தப் பெண் பக்கம்தான் போகிறது, ஆனால் மொழி பற்றிய அவர்கள் பயத்தையும் நம்மால் புரிந்துகொள்ளாமல் இருக்க முடியாது.

டென்னிஸ் பார்க்கிறவர்களுக்கு ஒரு துணுக்கு. 2017இல் பிரெஞ்சு ஓப்பன் ஜெயித்த யெலேனா ஒஸ்தபென்கோவை வீட்டில் அல்யோனா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் பிறந்தபோது லாட்விய நாள்காட்டியில் அல்யோனா இல்லை என்பதால் பதிவில் யெலேனா ஆகிவிட்டார்.

தமிழ்மறவன்_77 | ஜூன் 16

யெலேனா = ஏலேலா!!

மட்டுறுத்துநர் | ஜூன் 16

மறவன் ஐயா, இன்றைக்கு இது மூன்றாவது இழை. பக்கத்து இழையில் எஸ்கிமோவைத் தமிழன் என்று நிறுவியது போதும். இங்கே லீகாவை மட்டும் பேசலாம்.

யாழ் நிலா | ஜூன் 17

எங்கள் லீகா அக்கா இன்னொன்று சொன்னவர். சோவியத் ஆட்சிக் காலத்தில், 1959 கடைசியில் அர்வீட்ஸ் பெல்ஷே லாட்வியக் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்த பிறகு யானிஸ் திருநாளுக்கு எதிராகப் பெரிய நெருக்கடி. விடுமுறையை எடுத்துப்போட்டினம். தேசியவாதம், பழமைவாதம் என்று பட்டம். 1980களின் கடைசியில்தான் விடுமுறை திரும்பி வந்தது. அதுவரைக்கும் ஊரில் இருந்த சொந்தக்காரர், தோட்டத்தில் குப்பை கொளுத்துவது மாதிரித்தான் நெருப்பு மூட்டுவார்களாம். ஆனால் பிள்ளைகளுக்கு லீகா என்று பெயர் வைப்பதை யார் தடுக்கிறது? "திருநாளைத் தடை பண்ணலாம், 23ஆம் தேதியைத் தடை பண்ணேலாது" என்று அம்மா சொல்லுவாராம்.

எனக்கு அதைக் கேட்டபோது ஊர் ஞாபகம்தான் வந்தது. அதை இங்கே விரிக்கவில்லை.

மயிலை மாது | ஜூன் 18

செந்தில், அந்தத் திருநாளுக்கு வீட்டை எப்படி அலங்கரிப்பார்கள்? படங்களில் வாசலில் நீளநீளமாகப் புல் மாதிரி ஏதோ பரப்பியிருக்கிறதே.

ரிகா செந்தில் | ஜூன் 18

சார், அதைக் கேட்டுவிட்டீர்களா! ரிகாவின் தோம் சதுக்கத்தில் திருநாளுக்கு முன்னால் பச்சிலைச் சந்தை போடுவார்கள். போன வருஷம் போனேன். ஓக் இலை மாலை ஆண்களுக்கு, காட்டுப்பூ மாலை பெண்களுக்கு. பெர்ச் கிளை, சோம்பு மாதிரி ஒரு விதை போட்ட வட்டமான பாலாடைக்கட்டி, கருப்பு ரொட்டி. ஒரு கிழவி நீள இலைகளைக் கட்டுக் கட்டாக வைத்திருந்தார். 'கல்மெஸ்' என்றார். தரையில் பரப்பினால் வீடு மணக்குமாம். ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்தார். எனக்குத் தலை கிறுகிறுத்துவிட்டது. என் தங்கை பிறந்தபோது வீட்டில் அடித்த வாசனை! வசம்பு!

ஒரு கட்டு வாங்கி வந்து இரண்டு வாரம் அறையில் வைத்திருந்தேன்.

மயிலை மாது | ஜூன் 18

அட! பேர் சொல்லாதது! ராத்திரியில் வசம்பு என்று சொல்லக்கூடாது என்று என் பாட்டி 'பேர் சொல்லாதது கொஞ்சம் எடுத்துவா' என்பாள். நாமோ அதன் பேரைச் சொல்ல மாட்டோம், அவர்கள் அதைப் பரப்பிவைத்துப் பெயர் நாள் கொண்டாடுகிறார்கள்.

அகராதிப்பித்தன் | ஜூன் 18

விதை சோம்பு இல்லை, கேரவே என்பார்களே, சீமைச் சோம்பு. வசம்பு வசம்பேதான், அதே செடி. மறவன் ஐயா கண்ணில் படுவதற்குள் இந்தப் பதிவை மூடிவிடலாம்.

கடலூர் கபாலி | ஜூன் 19

குல்தீகா என்ற ஊரில் அன்று விடியற்காலை மூன்று மணிக்குப் பாலத்தில் துணியில்லாமல் ஓடுவார்களாமே? செந்தில், பண்ணை வீடு எந்த ஊரில்?

ரிகா செந்தில் | ஜூன் 19

விட்ஸெமெ பக்கம். வீட்டில் சொல்லிவிடாதீர்கள், இப்போதே அம்மா தினமும் கேட்கிறாள். இரண்டாவது கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. என்ன வாங்கிப் போக?

யாழ் நிலா | ஜூன் 19

பூ கொண்டுபோங்கோ தம்பி. ஆனால் ஒற்றைப்படையில் இருக்கவேணும். இரட்டைப்படைப் பூ செத்த வீட்டுக்கு. இதை மட்டும் மறக்காதேங்கோ. பாட்டிக்கு வேறு, லீகாவுக்கு வேறு. வீட்டுக்காரர் பியரும் பாலாடைக்கட்டியும் தருவினம், நீங்கள் வயிற்றைத் தயாராக வைத்திருங்கோ.

நெல்லை ராஜி | ஜூன் 19

நாம் மொய்யில் ஒரு ரூபாய் சேர்ப்பது மாதிரி.

ரிகா செந்தில் | ஜூன் 25

போய்விட்டு வந்தேன். தூக்கம் இன்னும் தீரவில்லை. அந்த ராத்திரியில் தூங்கினால் கோடை முழுக்கத் தூங்கிவழிவாய் என்று மிரட்டியே உட்கார வைத்துவிட்டார்கள். ராத்திரி என்று சொல்வதே தப்பு. சூரியன் பத்து மணி இருபது நிமிஷத்துக்கு மறைந்து நாலரைக்குத் திரும்பி வந்துவிட்டது. நடுவிலும் வடக்குப் பக்கம் வெளுப்பாகவே இருந்தது.

நிலா அக்கா, உங்கள் பேச்சைக் கேட்டு லீகாவுக்கு 11, பாட்டிக்கு 11 என்று எண்ணித்தான் வாங்கினேன். பேருந்தில் எதிரே உட்கார்ந்திருந்த குழந்தை கையை நீட்டியது, ஒன்றை உருவிக் கொடுத்துவிட்டேன். யோசிக்கவே இல்லை. பாட்டிக்குக் கொடுத்தது பத்து! பாட்டி வாங்கினார், உதடு அசைய எண்ணினார், என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பூவை இழுத்துத் தன் தலையில் இருந்த மாலையில் செருகிக்கொண்டு மிச்சம் ஒன்பதைக் குவளையில் வைத்தார். லீகாதான் பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பாட்டு பற்றி எழுதியே ஆகவேண்டும். நான் ஏதோ பக்திப் பாட்டு மாதிரி இருக்கும் என்று நினைத்துப் போனேன். முக்கால்வாசி திட்டு! பெண்கள் கூட்டம் ஆண்களைப் பாட்டிலேயே வாரும், ஆண்கள் திருப்பி வாருவார்கள், அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தால் வாசலிலேயே வைத்து, தோட்டத்தில் களை பிடுங்கவில்லை, பியர் தண்ணீராக இருக்கிறது என்று பாடுவார்கள். அதற்கென்றே 'அப்லீகொஷனா' என்று பெயர், ஒருத்தரைச் சுற்றி நின்று லீகோ பாடுவது. கோபித்துக்கொள்ளக் கூடாது, பதில் பாட வேண்டும். லீகா அன்று தாளில் போட்ட கோடுகள் ஒவ்வொன்றாக நிரம்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி இருக்கும். குளிர் தாங்கவில்லை. மேல்கோட்டு, அதற்கு மேல் போர்வை, தலையில் அவர்கள் வைத்த ஓக் மாலை, அதற்கு அடியில் என் குரங்குக் குல்லாய். நெருப்புக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டிருந்தேன். பாட்டி எடுத்துக் கொடுத்தார், மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். என் லாட்வியத்துக்கு முதலில் புரியவில்லை, 'செந்தில்ஸ்' என்று மட்டும் காதில் விழுந்தது. லீகா பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகச் சொன்னார். வெயில் நாட்டிலிருந்து செந்தில்ஸ் வந்தான், லீகோ, லீகோ. நடுக்கோடையில் குல்லாய் போட்டான், லீகோ, லீகோ. பூவை எண்ணத் தெரியாமல் வந்தான், லீகோ, லீகோ. அவன் அடுப்பை அவன் அம்மாதான் மூட்டுகிறாள் போல, லீகோ!

நான் என்ன பதில் பாடினேன் என்று கேட்காதீர்கள். ஏலேலோதான் வாயில் வந்தது. சுருதியை மட்டும் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

மயிலை மாது | ஜூன் 25

என் தாத்தா இருந்திருந்தால் அழுதிருப்பார்.

தமிழ்மறவன்_77 | ஜூன் 25

நான் எதுவும் சொல்லவில்லை. சும்மா படித்துக்கொண்டிருக்கிறேன்.